பருவத் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்க்கு



1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்டபோது, நம் பிள்ளைகட்குப் பள்ளி வாயிலே எட்டாதிருந்தது. இன்று கல்லூரி வாயிலும் திறந்துள்ளது. பருவந்தோறும் இடைநில்லாமல் அதனுள் நிலைத்திருப்பதே இப்போதைய கவலை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை நாடறியும். பயிரிட்டோர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நன்று. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் சென்றோரின் கூலி எந்தப் பட்டாவில் எழுதப்பட்டிருக்கிறது? அக்கூலியை நம்பியன்றோ நம்மவர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினர்!

ஆதலின் உதவித்தொகையை எவரும் இரவலாகக் கருதற்க. 1944 முதல் நாட்டில் நடைமுறையிலுள்ள ஏற்பாடு அது. ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 முதலும் மாணவர்க்கு 2024 முதலும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களும் உள. நிலுவைத் தாள்களை வீட்டாரிடம் மறைப்போர் சிலர். மறைத்த தாள் தானே தேறுவதில்லை. மூத்த மாணவர்களை நாடுக.

சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கேடு ஆகியவற்றுடன் வந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் இருந்து செல்க. விண்ணப்பங்களை இன்றே நிரப்பித் தருவோம்.