தொலைகாலப் பிரயாணம்



பட்டமளிப்பு மேடையில் ஏறுகின்றவர் வருங்காலத்தைப் பற்றிப் பேசுவது சம்பிரதாயம். அதனை மீறாமலே, சற்று விசித்திரமான வினா ஒன்றை இன்று பட்டம் பெறும் உங்கள் முன் வைக்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள காலத்திற்கு, போனால் மீள முடியாத பிரயாணம் ஒன்று வாய்க்குமாயின், அதற்கு நீங்கள் இசைவீர்களா? ஒளியின் வேகத்தை அணுகிச் செல்பவனுக்குக் காலம் மெதுவாகவே கழியும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் காட்டிய தத்துவம், அணுக் கடிகாரங்களை 1971இல் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வரச் செய்தபோது, நொடியின் மிக நுண்ணிய பின்னத்தளவில் பிரத்தியட்சமாயிற்று என்பதைப் பௌதிகவியல் மாணவர் அறிவர். முன்னே போவதற்கு இயற்கை தடை சொல்லவில்லை. திரும்பும் வழியைத்தான் எவரும் கண்டிலர்.

நம் புராணிகர் இதனை என்றோ எண்ணிப் பார்த்துவிட்டனர். மகள் ரேவதிக்குத் தக்க வரனைக் கேட்டறிவதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் சென்ற ககுத்மி என்னும் அரசன், அங்கே நிகழ்ந்த கந்தருவ கானம் முடியும்வரை கணப்பொழுது காத்திருந்த அளவில், பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்து, அவன் மனத்தில் எண்ணி வைத்திருந்த மாப்பிள்ளைமார் மட்டுமன்றி அவர்தம் பேரப்பிள்ளைகளும் மாண்டு, கோத்திரப் பெயர்களும் மறைந்துபோயின என்று பாகவதம் கூறுகிறது.

புராணம் கிடக்கட்டும். விரும்பாமலே அப்பிரயாணத்தைச் செய்தவர்கள் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிறார்கள். அவர்தம் பிள்ளைகள் இன்று உங்கள் வரிசையிலேயே அமர்ந்திருக்கவுங் கூடும். 1990 ஜூனில் யுத்தம் துரத்த, கட்டிய துணியோடு மயிலிட்டியை விட்டு வெளியேறிய மக்கள், தங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டமையால் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காலந்தள்ளி, 2017 ஜூலையில் துறைமுகமும் அதனை அண்டிய சிறுபகுதி நிலமும் விடுவிக்கப்பட்டபோது தங்கள் மண்ணில் மீண்டும் கால் வைத்தனர். இடையிற் கழிந்தவை 27 ஆண்டுகள். பாகவதக் கணக்கிலும் அதே எண் வருவது தற்செயலே. ஆயினும் என் மனத்தை விட்டு அகலாத தற்செயல். கையிலிருந்த உறுதியில் காணியின் பெயர் இருந்தது, இத்தனை பரப்பு என்றிருந்தது, கிழக்கெல்லை இன்னார் காணி, வடக்கெல்லை ஒழுங்கை என்றெல்லாம் ஐயத்துக்கிடமின்றி எழுதியிருந்தது. நிலத்திலோ வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, எங்கும் பற்றை. கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடியளந்து, வீட்டு வாசல் இருந்த இடத்தை அநுமானித்தவர்கள் உண்டு. இருபத்தேழு ஆண்டுக்கே இவ்வாறாயின், ஆயிரம் ஆண்டுக்கு அப்பால் இறங்குகின்றவன் எந்தக் கிணற்றைத் தேடுவான்? ஆதலால், எனக்கு அந்த வாகனத்தில் இடம் தந்தாலும் நான் ஏறேன்.

வருங்காலத்துக்குத் தாம் போகாமல் பிறிதொன்றை அனுப்பிவைத்த பட்டதாரி ஒருவர் நமக்கு முன்னோராக உளர். 1857இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்ற பெருமையை இம்மண்ணிற் பேசாதார் இல்லை. அவர்களுள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, உத்தியோகமும் சம்பாத்தியமும் தந்த சுகத்தோடு நின்றுவிடாமல், கறையானுக்கும் செல்லுக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் முகத்தை அறியாத நாம் இன்று அதனைப் படிக்கிறோம். அனுப்பியவை யாவும் போய்ச் சேர்வதில்லை என்பதும் நமக்குத் தெரியும்: 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன, அவற்றுட் சில ஒற்றைப் பிரதிகள்.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிது. உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்புக்கோ கனடாவுக்கோ புறப்படுமுன், அப்பு ஆச்சிமாருடன் ஒருநாள் உட்கார்ந்து, உங்கள் ஊர்க் காணிகளின் பெயர்களையும் ஒழுங்கைகளையும் குளங்களையும் கிணறுகளையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை இப்பல்கலைக்கழக நூலகத்திலும், இன்னொன்றை 2005 முதல் நம் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் ‘நூலகம்’ தளத்திலும் சேர்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் மாத்திரம் வைக்காதீர்கள்.