கருமாதிக்கு மறுநாள்



"துன்பத்தை வெல்வோம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார் நம் வாசகர் வட்டச் செயலாளர். போன வாரம்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்தவர். அவருக்கு எதையும் வெல்லலாம் போலத்தான் இருக்கும்! பட்டுக்கோட்டைக்காரனிடம் போய்த் துன்பம் என்றால் என்ன என்று விளக்க வேண்டுமா ஐயா? 29 வயதில் ஒரு மகாகவிஞனைப் பறிகொடுத்த மண் இது.

2018 நவம்பர் 16. தேதியைச் சொன்னதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது, பாருங்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடிவதற்குள் நம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. லட்சக்கணக்கான மரம். மின்கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேலே. விடிந்ததும் தோப்புக்குப் போனவனுக்குத் தன் தோப்பே அடையாளம் தெரியவில்லை. வரப்பு எது, கேணி எது என்று மட்டையை விலக்கி விலக்கித் தேடினான். பாளையும் குரும்பையும் சேற்றில் கிடந்தன. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம். அறுபது வயதுக்காரன் மறுபடி கன்று வைக்கக் குழி வெட்டும்போது மனசுக்குள் என்ன கணக்குப் போடுவான்?

மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மொத்தம் 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. வாங்கிக்கொண்டோம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. நான் குறை சொல்ல வந்தது வேறு ஆட்களை! வந்தார்கள் ஐயா, காரில் வந்தார்கள். ஒரு ரொட்டிப் பாக்கெட்டை ஏழு கை பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். எட்டாவது கை வாங்குகிறவனுடையது. அது மட்டும் படத்தில் விழவில்லை! யார் என்று பேர் சொல்ல மாட்டேன். நீங்கள் தட்டுகிற தட்டிலேயே தெரிகிறது, சொல்லத் தேவையில்லை என்று.

படத்தில் விழாதவர்கள் இருந்தார்கள். வெளி மாவட்டத்திலிருந்து, கேரளத்திலிருந்தெல்லாம் மின்வாரியத்துப் பிள்ளைகள் வந்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு ஒருமுறை கைதட்டுங்கள். இன்னும் பலமாக!

இன்னொருத்தர் இருக்கிறார். டீக்கடைக்காரர். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். அதனால் திரும்பித் திரும்பித் தேடாதீர்கள். அவர் தெருவில் ஒரு பெரியவர். தோப்பு போனதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு வைத்தால் அப்படியே இருக்கும். மகன், மருமகள், சம்பந்தி என்று எல்லோரும் ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நம்மாள் போனார். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாமா, எனக்குக் கை வலி. நாளைக் காலையில் நாலரைக்கு வந்து பாலைக் காய்ச்சிக் கொடுங்கள், கடையைத் திறக்க முடியவில்லை" என்றார். கையில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை! பெரியவர் முதல் நாள் வரவில்லை. மறுநாளும் போய்க் கூப்பிட்டார். மூன்றாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், பாலைப் பொங்கவிட்டுவிட்டார். "என்ன மாமா, அரைப்படிப் பாலைக் கொட்டிவிட்டீர்களே" என்று இவர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அந்தச் சத்தத்தில்தான் பெரியவர் பல நாள் கழித்து வாயைத் திறந்து பதிலுக்குத் திட்டினார்!

தட்டுங்கள். அவருக்காகத்தான் தட்டுகிறீர்கள். அவரும் சேர்ந்து தட்டுகிறார், தப்பிக்கப் பார்க்கிறார்!

இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கோட்டுப் போட்டு, காதோரம் மைக் மாட்டி, அழாதே, சிரி, எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது என்கிறார்கள். அதைக் கேட்க நுழைவுச் சீட்டு வேறு! ஏன் ஐயா அழக் கூடாது? நம் அப்பத்தாக்கள் என்ன, விவரம் தெரியாதவர்களா? சாவு வீட்டு வாசலுக்கு வரும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டு வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஒப்பாரி சொல்லி அழுவார்கள். செத்தவனுக்காக அழ வந்தவள் பாதியில் தன் புருஷனை நினைத்து அழுவாள், தன் தாயை நினைத்து அழுவாள். எல்லோருடைய பாரமும் அங்கேயே இறங்கும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் ரசமும் பக்கத்து வீட்டிலிருந்து வரும். இதை எந்தக் கோட்டுக்காரன் கற்றுக்கொடுத்தான்? கோட்டுக்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவேன். அவைத்தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், ஐந்து நிமிஷமாம். இத்தனைக்கும் அவர் பேசும்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை!

கபிலரை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். பாரி போய்விட்டான், பறம்பும் போய்விட்டது. உயிர் நண்பனைப் பறிகொடுத்த புலவனுக்கு உட்கார்ந்து அழ நேரமில்லை. நண்பனின் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இரண்டு பேரும் அந்தப் பெண்களை மணக்கச் சம்மதிக்கவில்லை. அந்த அவமானத்தையும் சுமந்துகொண்டு நடந்தார். அந்தப் பொறுப்பு இருந்தவரைக்கும் கபிலர் இருந்தார். பெண்களை ஓர் இடத்தில் சேர்த்த பிறகு உயிரை விட்டார். திருக்கோவலூரில் பெண்ணையாற்றுக்குள் அவர் பேரில் ஒரு குன்றே நிற்கிறது. அந்த முடிவை நட்பின் சிகரம் என்று மேடைக்கு மேடை புகழ்கிறார்கள். நான் புகழ மாட்டேன். வேலை முடிந்து தனியாக நின்ற அந்த மனுஷனிடம், "ஐயா, சாப்பிட்டீர்களா" என்று கேட்க ஒருத்தன் இல்லாமல் போனானே என்றுதான் எனக்கு ஆத்திரம். கஜாவுக்குப் பிறகு நம் பக்கமும் சில விவசாயிகளை அப்படித்தான் இழந்தோம். மனசு அந்தப் பக்கம் போகிறது என்றால் 104க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். வெட்கப்படாதீர்கள்.

சாவு வீட்டில் பதினாறு நாள் வரைக்கும் கூட்டம் இருக்கும் தாய்மார்களே. கருமாதி முடிந்து, தாய்மாமன் உருமா கட்டி, பந்தல்காரர் நாற்காலியை எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டால் தெரு காலி. அதற்குப் பிறகுதான் புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு எல்லாமே இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டில் பேர் எடுக்க வேண்டும். கேஸ் புத்தகம் அவர் பேரில், பேங்க் பாஸ்புத்தகம் அவர் பேரில். தாலுகா ஆபீசில் ஒரு மேஜையில் கேட்டால் அடுத்த மேஜையைக் கை காட்டுவார்கள். ஒவ்வொரு மேஜையிலும் "எப்படிம்மா செத்தார்" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சாகிறான் ஐயா அந்த மனுஷன்!

நம்மில் ஒருத்தர் அந்த அம்மாவுக்குத் துணையாகப் போனால் என்ன? செயலாளர் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பேரும் போன் நம்பரும் எழுதுங்கள். பைக் வைத்திருக்கிறவர்கள் அதையும் எழுதுங்கள். மாதத்தில் ஒரு காலைப் பொழுது போதும். முதல் பேர் ஏற்கெனவே எழுதியாயிற்று. யார் என்று கேட்காதீர்கள், அவர் எழுந்து போய்விடுவார்.