உயிருக்கும் ஒரு பெரட்டு வேண்டும்

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் சந்திப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று கூடியிருக்கும் இவ்வட்டாரத்திற்குப் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதைச் சிந்தித்துப் பார்த்தவர் சிலராகவே இருப்பர். 1881ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கோலாலம்பூர்ப் பட்டணம் தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பிய வீடுகளை அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன அவ்வீடுகள் நெருப்பிற்கும் தாக்குப் பிடிக்கவில்லை. நீருக்கும் தாக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டவேண்டும் என்று வலியுறுத்தினார். செங்கல் தொழிலுக்கெனக் காப்பித்தான் யாப் ஆ லோய் வாங்கிய நிலமே செங்கற்களம் என்னும் பொருளுடைய பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பட்ட துன்பம் மறுமுறை வரலாகாது என்று மனிதர் மேற்கொண்ட முயற்சியின் சின்னமாகவே இவ்வூர்ப் பெயர் இன்றும் விளங்குகின்றது.

செங்கல் தீயைத் தடுத்தது. ஆனால், வெள்ளத்தைத் தடுக்கச் செங்கல் மட்டும் போதவில்லை. இவ்வட்டாரத்தின் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆறு 1926இல் பெருகிப் பட்டணத்தை மூழ்கடித்தது. 1971 ஜனவரியில் மீண்டும் பெருகியது. பல நாள் அடைமழையால் கிள்ளான், கோம்பாக், பத்து ஆறுகள் கரைபுரண்டன. 32 பேர் உயிரிழந்தனர். 180,000 மக்கள் பாதிக்கப்பட்டனர். அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அதனைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. அவ்வாண்டிலேயே நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1987இல் பத்து அணை கட்டி முடிக்கப்பட்டது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. வறண்ட நாளில் அதன் நடுப்பகுதி வாகனங்கள் செல்லும் சாலை. பெருமழை நாளில் வாகனங்களை வெளியேற்றிவிட்டு ஆற்று நீரை அதனுள்ளே செலுத்துகின்றார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நீர் வந்தபின் அந்தச் சாலையை மூடுவதில்லை. நீர் வருமுன்னரே மூடிவிடுகின்றார்கள். இந்த ஒழுங்கு நம் வீடுகளுக்கும் வேண்டும்.

அணையும் சுரங்கமும் இருந்தும், 2021 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் நடந்ததென்ன? ஒரு மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தனர். நாடு முழுவதிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி அந்த வெள்ளத்தால் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி. மேட்டு நிலத்தில் சிமெண்டுத் தரை பெருகப் பெருக மழைநீர் விரைந்து ஆற்றில் விழுகின்றது. தாழ்நிலத்தில், கிள்ளான் பக்கத்தில், கடல் ஏற்றம் வரும் வேளையில் ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. இரண்டும் ஒருசேர நிகழுமாயின், நீர் ஏறுவதற்கு நாள்கள் தேவையில்லை. சில மணி நேரம் போதும்.

அந்தச் சில மணி நேரத்தில் யார் நம்மைக் காப்பார்? தீயணைப்பு மீட்புப் படையும் பொதுத் தற்காப்புப் படையும் காவல்துறையும் வருவது உறுதி. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரியின் தலைமையில் பேரிடர்க் குழு இயங்குகின்றது. 2015இல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமும் தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும், ஒரே இரவில் ஆயிரம் இடங்களிலிருந்து அழைப்பு வருமானால், படகு எல்லா இடத்திற்கும் ஒரே நேரத்தில் வந்து சேர இயலாது. 2021இல் கூரைமேல் நின்றவர் பலருக்கு முதலில் கை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தாரும் தொண்டர்களுமே. முதல் சில மணி நேரம் நம் பொறுப்பு என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். 1971இல் நான் பத்து வயதுச் சிறுவன். கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் வாழ்ந்தோம். நள்ளிரவில் ஓடை பெருகி லயத்திற்குள் நீர் புகுந்தது. காவற்காரர் பெரட்டுக் களத்தில் தொங்கிய இரும்புத் துண்டை ஓங்கி ஓங்கி அடித்தார். எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த கோயிலுக்கு ஓடினோம். விடிந்ததும் மண்டோர் செக்ரோலை எடுத்து வந்து ஒவ்வொரு பெயராக அழைத்தார். எல்லாரும் "இருக்கிறேன்" என்றனர். ஒருவரும் விடுபடவில்லை என்று மகிழ்ந்தோம்.

ஆனால், ஒருவர் விடுபட்டிருந்தார். கடைசி வீட்டில் தனியே இருந்த பாட்டிக்குக் காது கேளாது. வேலையிலிருந்து நின்று பல ஆண்டுகள் ஆனதால் அவர் பெயர் செக்ரோலில் இல்லை. என் தந்தையும் இன்னும் இருவரும் இடுப்பளவு நீரில் நடந்து சென்று பார்த்தபோது, மேசைமேல் நாற்காலி போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். உயிர் இருந்தது. தோளில் சுமந்து வந்து கோயிலில் இறக்கியபோது அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. "எல்லாரையும் எண்ணுனீங்களே ஐயா, என்னைய எண்ண ஒருத்தருக்கும் தோணலியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மண்டோர் செக்ரோலை மூடிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

தோழர்களே, நாம் பெரட்டை அறிந்தவர்கள். விடியற்காலையில் பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி கூறிப் பழகியவர்கள். அந்தப் பெரட்டு வேலைக்கு வருவோரை மட்டுமே எண்ணியது. உயிரைக் காக்கும் பெரட்டு, வேலைக்கு வர இயலாதவர்களிடமிருந்து தொடங்கவேண்டும். முதியோர், நோயாளர், கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள், கண் தெரியாதவர், காது கேளாதவர் ஆகியோர் பெயரே அந்தப் பட்டியலின் முதல் வரிகளில் இருக்கவேண்டும்.

இதனை இந்த இடத்தில் நின்று கூறுவதற்குக் காரணம் உண்டு. 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பிரிக்பீல்ட்ஸில்தான் அமைந்துள்ளது. கைத்தடியால் பாதையைத் தொட்டு நடந்து செல்லும் எத்தனையோ பேரை வரும் வழியில் நீங்களே கண்டிருப்பீர்கள். அச்சங்கம் இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் தெபிங். தெபிங் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கரை என்பது பொருள். தடியால் தொட்டறிந்த பாதை நீருக்குள் மறையுமானால், அவர்களுக்கு அண்டை வீட்டாரின் கையே வழிகாட்டி.

இனிச் செய்யவேண்டியவற்றைக் கூறுகிறேன். ஒவ்வொரு லயத்திற்கும் இருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுங்கள். தாமே நடந்து வெளியேற இயலாதவர் யார் யார், அவரை அழைத்து வருபவர் யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றொருவர் என்று இரண்டு பெயர் இருத்தல் நலம். இன்று நம்மோடு மரம் சீவும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கு நம் மொழி புரியாமல் போகலாம். அவர்களுள் ஒருவரையும் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டிலுள்ள கோயிலோ பள்ளியோ, சேரும் இடத்தை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கின்றது என்பது எல்லாருக்கும் தெரியவேண்டும். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை எச்சரிக்கை, ஆபத்து என்று படிப்படியாக அறிவிக்கின்றது. ஆபத்து நிலை வரும்வரை காத்திராமல், எச்சரிக்கை நிலையிலேயே முதியோரை அனுப்பிவிடுங்கள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். வெளியேறும்போது மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓடும் நீரைக் கடக்க முயலாதீர்கள். முழங்காலளவு நீரும் ஆளைச் சாய்த்துவிடும். அவசர உதவிக்கு 999 என்னும் எண்ணை அழையுங்கள். நீர் வடிந்தபின் வீட்டைக் கழுவும்போது காலணி அணியுங்கள். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் காலிலுள்ள சிறு புண் வழியாகவும் உடலில் புகும்.

மலைச்சரிவில் உள்ள தோட்டத்தார் மண்சரிவையும் நினைவில் கொள்ளவேண்டும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங்காலி அருகே பின்னிரவில் மண் சரிந்து, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டனர். நிலத்தில் புதிய வெடிப்புக் கண்டாலும், மரங்கள் சாய்ந்தாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும் அவ்விடத்தை விட்டு விலகி உடனே தெரிவியுங்கள்.

இவற்றையெல்லாம் எழுதி வைத்தால் மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒத்திகை பாருங்கள். மணியை அடியுங்கள், மேட்டிற்குச் செல்லுங்கள், பட்டியலை எடுத்து வாசியுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் அதனை விளையாட்டாகக் கற்றுக்கொள்வார்கள். ஆபத்துக் காலத்தில் அதுவே அவர்களுக்குக் கைகொடுக்கும்.

அன்பர்களே, அன்று அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு எங்கள் லயத்தில் யாரிடமும் விடையில்லை. இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே இருப்பவர் பெயரைக் கேட்டு, பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்.