மலைச் சைக்கிள் சில்லுக்கு எந்த றிம்: அலுமினியமா, காபனா?

(குடியிருப்பாளர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை நிலவிய தொண்ணூறுகளில் சைக்கிளே லொறியாகவும் அம்புலன்ஸாகவும் இருந்தது. நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் அதிலேயே போயினர். அந்த வண்டிகளின் றிம் உருக்கினால் ஆனது. வளைந்துவிட்டால் தெருவோரத் திருத்துநர் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் கோணல் எடுத்துக் கொடுப்பார். றிம் எதனால் செய்யப்பட வேண்டும் என்ற கேள்வியே அன்று எழவில்லை. வேறு தெரிவு இருக்கவில்லை. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இலண்டனில் வளர்கின்றனர். றெட்பிறிட்ஜின் ஹொக் ஹில்லிலும், ஒலிம்பிக் பூங்காவில் உள்ள லீ வலி வெலோபார்க்கின் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் மண்தடங்களிலும் மலைச் சைக்கிள் ஓட்டுகின்றனர். அவர்களுள் சிலர் பிறந்தநாளுக்குக் காபன் சில்லு கேட்கின்றனர். ஒரு சோடியின் விலை ஆயிரம் பவுணைத் தாண்டுவது வழமை. பல வீடுகளில் முழுச் சைக்கிளின் விலையே அவ்வளவு இராது. ஆகவே கேட்பவரும் காசு கொடுப்பவரும் அந்தப் பொருளை விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

சில்லின் வெளிவளையமே றிம். ரயரைப் பற்றிப் பிடிப்பதும் கம்பிகளின் இழுவையைத் தாங்குவதும் அதன் வேலைகள். மலைச் சைக்கிளில் மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு: ரயர் முற்றாக நசுங்கி, கல்லின் விளிம்பு நேராக றிம்மில் மோதும்போது அந்த அடியை வாங்குவது. மண்ணில் பிடிமானம் வேண்டிக் காற்றுக் குறைவாக, பெரும்பாலும் 20 முதல் 30 பிஎஸ்ஐ வரை மட்டுமே அடிக்கப்படுவதால், இத்தகைய அடிகள் எப்போதாவது விழுந்தே தீரும். எந்தப் பொருள் நல்லது என்ற விவாதத்தின் உயிர்நிலை இந்த மூன்றாவது வேலையில்தான் இருக்கிறது.

அலுமினிய றிம் செய்யும் முறை எளிது. சூடாக்கிய உலோகக் கலவையை, இடியப்ப உரலில் மாவைப் பிழிவதுபோல, ஓர் அச்சின் வழியாகத் தள்ளினால் உள்ளே குழியான நீண்ட பட்டை வெளிவரும். அதை வளையமாக வளைத்து, இரு நுனிகளையும் பொருத்தியோ பற்றவைத்தோ முடிப்பார்கள். இந்த றிம் கல்லில் பட்டால் அதன் விளிம்பு நெளியும்; அந்த நெளிவு கண்ணுக்குத் தெரியும். சிறு நெளிவைக் குறட்டினால் பக்குவமாக நிமிர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். ஆனால் நிமிர்த்த நிமிர்த்த உலோகம் களைத்துப்போகும். கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றினால் அந்த றிம்மின் காலம் முடிந்தது எனக் கொள்ள வேண்டும்.

காபன் றிம் பிழியப்படுவதில்லை; அடுக்கப்படுகிறது. பசை ஊறிய காபன் இழைத் துணிகளைத் திசை மாற்றி மாற்றி அச்சினுள் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுகச் செய்கின்றனர். இவ்வேலையில் பெரும்பகுதி கையால் நடப்பது அதன் விலைக்கு ஒரு முக்கிய காரணம். காபன் நெளிவதில்லை. தாங்கக்கூடிய அடியாயின் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். தாங்க முடியாத அடியாயின் வெடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு, அதுதான் கவனத்துக்குரியது. வெளியே கீறல்கூட இல்லாதிருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்திருக்கலாம். பலமான அடி ஒன்றின் பின்னர் ரயரைக் கழற்றி, ஒரு நாணயத்தால் றிம்மைச் சுற்றிவரத் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எங்கும் கணீரென்ற ஒலி வந்து, ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி வந்தால் அந்தச் சில்லை ஓட்டாமல் தேர்ந்த திருத்துநரிடம் காட்ட வேண்டும்.

காபன் திடீரென நொறுங்கி ஓட்டுபவரை வீழ்த்திவிடும் என்ற அச்சம் பெற்றோரிடையே பரவலாக உள்ளது. அது பாதியளவே உண்மை. தரமான நிறுவனங்களின் றிம்கள் விளிம்பில் வெடித்துக் காற்றை இழப்பதே பெரும்பாலான நிகழ்வுகள். வளையம் வளையமாகவே நிற்கும். திடீர்க் காற்றிழப்பு அலுமினிய றிம்மிலும் நேரக்கூடியதே. அச்சத்துக்குரியவை பெயரறியாத மலிவுக் காபன் றிம்கள். சைக்கிள்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலைப்படி சோதிக்கப்பட்டவை என்று காட்ட முடியாதவற்றையும், போலி முத்திரையுடன் இணையத்தில் விற்கப்படுபவற்றையும் எந்த விலைக்கும் வாங்கலாகாது.

இனி, நிறை. 29 அங்குலச் சில்லுக்கான அலுமினிய றிம் ஒன்று ஏறத்தாழ 450 முதல் 550 கிராம் வரை இருக்கும். அதே அகலமுள்ள காபன் றிம் அதைவிட 50 முதல் 100 கிராம் வரை குறையலாம். பாறைத் தடங்களுக்கென்று தடிப்பாகச் செய்யப்படுபவற்றில் அந்த வேறுபாடும் மறைந்துவிடுவதுண்டு. இரண்டு சில்லுக்கும் சேர்த்து 200 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு கோப்பைத் தேநீரின் நிறையே. சுழலும் வளையத்தில் இருப்பதனால், வேகமெடுக்கும் கணத்தில் அது ஏறத்தாழ இருமடங்காகக் கணக்கில் வரும் என்பது மெய். ஆனால் ஒரே சீராக மேடு ஏறும்போது அது வெறும் 200 கிராம்தான்.

அந்த 200 கிராமுக்கு விலை உள்ள இடமும் உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டிகள் எசெக்ஸின் ஹட்லி பண்ணையில் நடைபெற்றன. ஓகஸ்ட் 12 அன்று ஆண்கள் போட்டியில், இறுதிச் சுற்றில் சுவிற்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரை முந்திச் சென்ற செக் நாட்டின் யரோஸ்லாவ் குல்ஹாவி ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். மூன்றாவதாக வந்த இத்தாலியரான மார்கோ ஃபொன்தானா, வழியிலே இருக்கை கழன்றுபோக, நின்றபடியே ஓட்டி வெண்கலத்தைப் பெற்றார். ஒன்றரை மணி நேர ஓட்டம் ஒரு விநாடியில் தீர்மானிக்கப்படும் அத்தகைய களத்தில் ஒவ்வொரு கிராமும் பேசும். சனிக்கிழமைகளில் எப்பிங் காட்டுக்கோ சறே குன்றுகளுக்கோ போய்வரும் பதினாறு வயதினருக்கு அது பேசாது. ஹட்லியின் தடங்கள் இன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. அங்கே அலுமினியச் சில்லுடன் இறங்குவோரும் மகிழ்ச்சியாகவே இறங்குகின்றனர்.

விறைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காபன் சில்லு திருப்பங்களில் சொன்ன சொல் கேட்கும். கோணலும் எளிதில் ஏற்படாது. ஆனால் அளவுக்கு மீறிய விறைப்பு, வேர்கள் நிறைந்த தடத்தில் சில்லைத் துள்ளச் செய்து கைகளை நோகச் செய்யும். உற்பத்தியாளர்களும் இதை உணர்ந்தனர். 2019-இல் சிப் நிறுவனம் வேண்டுமென்றே நெகிழ்ந்து கொடுக்கும் ஒற்றைச்சுவர் காபன் றிம்மை அறிமுகப்படுத்தியது. விறைப்பே மேன்மை என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்த துறை பின்னர் நெகிழ்வையும் விற்கத் தொடங்கியது வேடிக்கைதான்.

விலைக் கணக்கு இவ்விடயத்தில் தெளிவானது. நல்ல அலுமினிய றிம் ஒன்றை நூறு பவுணுக்குள் வாங்கலாம். அது பழுதானால் அதே அளவுள்ள புதிய றிம்மைப் பழைய அச்சுக்குடத்தில் கோர்த்துக்கொள்ளலாம். கம்பிகளும் பெரும்பாலும் மீண்டும் உதவும். காபன் றிம் அதைப்போலப் பல மடங்கு விலையுடையது. சில நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் அளித்து, கல்லில் மோதி உடைந்தாலும் மாற்றித் தருகின்றன. அவ்வுத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே உரியது. பாவித்த காபன் சில்லை ஒருவர் மலிவாக விற்கும்போது, வாங்குபவர் அந்தப் பாதுகாப்பை இழப்பதோடு, உள்ளே பிரிந்த அடுக்குகளையும் சேர்த்து வாங்க நேரலாம்.

கடையில் வாங்குவோருக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் பழுது தெரியவந்தால், விற்கும்போது அது இருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பனையாளருடையது. கல்லில் மோதியதால் வந்த சேதம் இதில் அடங்காது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளைக் கடனட்டையில் வாங்கினால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்கீழ் அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். தனியாரிடம் காசு கொடுத்து வாங்குவோருக்கு இவற்றுள் மிகச் சிலவே பொருந்தும்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று தடுப்பு. பழைய சைக்கிள்களில் றப்பர்க் கட்டைகள் றிம்மையே அழுத்தி நிறுத்தும். டிஸ்க் தடுப்புக்கென்று செய்யப்பட்ட றிம்மை, அது எப்பொருளால் ஆனதாயினும், அவற்றில் பொருத்துவது ஆபத்தானது. அதுபோலவே 29 அங்குலம், 27.5 அங்குலம் என்பவை ஒன்றுக்கொன்று மாறா. ரயரின் ஓரத்தில் அச்சிடப்பட்ட 622 அல்லது 584 என்ற எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது நன்று.

பந்தயத்தில் நேரக்கணக்குடன் ஓடுபவரும், உத்தரவாதத்துடன் புதிதாக வாங்கும் வசதியுள்ளவரும் காபனைத் தெரிவுசெய்வதில் பிழையில்லை. முன்னே காபனும் பின்னே அலுமினியமும் பூட்டுவோரும் உளர். உடலின் பாரம் பெரிதும் பின்சில்லில் விழுவதால் அடியும் அதற்கே அதிகம். ஏனையோர் அலுமினியத்தை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நல்ல ரயரும், ரியூப் இன்றி ஓட்டுவதற்கான பசையும், தலைக்கவசமும், உறுதியான பூட்டும் வாங்குவதே தகும். விரைவில் கழற்றக்கூடிய விலையுயர்ந்த சில்லு இந்நகரத்துத் தெருக்களில் நெடுநேரம் தனியே நிற்காது. சைக்கிளின் சட்ட எண்ணை, பொலிசார் பயன்படுத்தும் பைக்றெஜிஸ்ரர் தரவுத்தளத்தில் பதிவது நல்லது.

இலண்டனின் பல உள்ளூராட்சி சபைகள் டொக்டர் பைக் என்ற பெயரில் இலவசச் சைக்கிள் பரிசோதனைகளை நடத்துகின்றன. கம்பிகளின் இறுக்கத்தையும் றிம்மின் வெடிப்புகளையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். பழுதான அலுமினிய றிம்மை மறுசுழற்சி நிலையத்தின் உலோகத் தொட்டியில் இடலாம். அது உருக்கப்பட்டு மீண்டும் பயன்படும். காபன் றிம் அத்தொட்டிக்கு உரியதன்று. நிலையப் பணியாளரிடம் கேட்டே இட வேண்டும். அதை வீட்டில் அறுக்கவோ உராய்ஞ்சவோ கூடாது. அதன் தூசு சுவாசப்பைக்கும் தோலுக்கும் கேடானது.