விரல்களில் சேரும் உரிப்பொருள்: சூப்பர்ஹீரோ வீடியோ கேம்கள் குறித்து



இந்த உரையை நடத்தும் அறக்கட்டளை ஒரு தமிழாசிரியரின் நினைவாக அமைந்தது. இலக்கணத்தைப் பழைய நூல்களோடு பூட்டி வைக்கக் கூடாது, இன்றைய கலைகளையும் அதைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் வகுப்பில் வலியுறுத்துவார் என அவருடைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துணிவில்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் ஆடும் ஒரு கலையைப் பற்றிப் பெரியவர்கள் பொறுப்போடு பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

1. அளவுகோல்

அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் மூன்று பொருள்களை வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் விலங்கு, மரம், உணவு, தொழில், பறை முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். மூன்றையும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று வரிசைப்படுத்தி, உரிப்பொருளை உச்சியில் வைத்தார்.

சூப்பர்ஹீரோ கேமையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். மன்ஹாட்டன், காத்தம், மெட்ரோபோலிஸ் ஆகிய நகரங்கள் முதற்பொருள். உடையும் கருவியும் வில்லன்களும் கருப்பொருள். அந்த வீரன் எதைச் செய்வான், எதை உயிரே போனாலும் செய்ய மாட்டான் என்பது உரிப்பொருள். காமிக்ஸில் அதைப் படிக்கிறோம், படத்தில் பார்க்கிறோம். கேமிலோ நம் கையே அதைச் செய்தாக வேண்டும். வீரனின் குணம் ஆட்டத்தின் விதியாகி, ஆடுபவரின் விரல்களுக்கு வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த கேமே சிறந்த கேம். இதை நிறுவுவதே என் உரையின் நோக்கம்.

2. அழிவில்லாதவனுக்கு என்ன ஆபத்து?

முதல் சூப்பர்ஹீரோ கேம்களில் ஒன்று அடாரி 2600 கருவிக்காக 1979இல் வந்த 'சூப்பர்மேன்'. அதை உருவாக்கியவர் ஜான் டன். மொத்தக் கேமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது. கிளார்க் கென்ட் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து சூப்பர்மேனாக வெளிவருவார். வில்லன் லெக்ஸ் லூதர் தகர்த்த பாலத்தின் மூன்று துண்டுகளைத் தேடி எடுத்துப் பாலத்தைச் சரிசெய்வார். லூதரையும் அவனுடைய ஆட்களையும் பிடித்துச் சிறையில் சேர்ப்பார். கடைசியில் மீண்டும் கிளார்க்காக மாறி டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்பினால்தான் ஆட்டம் முடியும்.

இந்தக் கேமில் சூப்பர்மேன் சாவதே இல்லை. கிரிப்டோனைட் பட்டால் பறக்கும் சக்தி போகும்; காதலி லோயிஸ் லேனைச் சந்தித்து முத்தம் பெற்றால் திரும்பக் கிடைக்கும். ஆடுபவரின் போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். அழிவில்லாதவனுக்கு உயிரைப் பணயமாக வைக்க முடியாது என்பதை, சதுரப் புள்ளிகளால் வரைந்த அந்தச் சின்னக் கேம் சரியாகப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்ததும் சாதாரண மனிதனாக அலுவலகம் திரும்ப வேண்டும் என்ற விதியில் அந்த வீரனின் அடக்கமும் சேர்ந்துவிட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், நின்டெண்டோ 64 கருவிக்காக டைட்டஸ் நிறுவனம் ஒரு சூப்பர்மேன் கேமை வெளியிட்டது. நகரம் முப்பரிமாணத்தில் விரிந்தது. கருவியின் ஆற்றலும் பல மடங்கு கூடியிருந்தது. ஆனால் ஆடுபவர் செய்ததென்ன? வானத்தில் வரிசையாக மிதக்கும் வளையங்களுக்குள் குறித்த நேரத்துக்குள் புகுந்து புகுந்து பறக்க வேண்டும். தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. தூரத்துக் கட்டடங்களைக் கருவியால் வரைய முடியாததை மறைக்க நகரம் முழுக்கப் பச்சை மூடுபனி. அதற்குக் கிரிப்டோனைட் புகை என்று கதையில் ஒரு காரணமும் சொன்னார்கள். யாரையும் காக்கும் வேலை அந்த வளையங்களில் இல்லை. மோசமான கேம்களின் பட்டியலில் அதன் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

2006இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' அருமையான ஒரு முடிவை எடுத்தது. திரையில் தெரியும் உயிர் அளவு சூப்பர்மேனுடையது அன்று, மெட்ரோபோலிஸ் நகரத்தினுடையது. நகரம் சேதமடையும்போது அந்த அளவு குறையும். முற்றிலும் குறைந்தால் தோல்வி. தன் வலிமையே தவறிப்போய் ஊரை இடித்துவிடக் கூடாதே என்ற கவலையை ஆடுபவர் உணர்வார். இவ்வளவு நல்ல விதியைச் சுற்றி ஒரே மாதிரியான சண்டைகளையே மீண்டும் மீண்டும் அடுக்கியதால் அந்தக் கேம் தோற்றது. ஆனாலும் அந்த விதியை நான் மதிக்கிறேன். சூப்பர்மேனின் உரிப்பொருள் அதில் இருக்கிறது.

3. ஊஞ்சல்

ஸ்பைடர்மேன் கேம்களில் பல காலம் அவர் வீசிய நூல் எதிலும் ஒட்டாமல் வானத்தை நோக்கியே போனது. 2004இல் ட்ரேயார்க் உருவாக்கிய 'ஸ்பைடர்மேன் 2' இதை மாற்றியது. ஜேமி ஃபிரிஸ்ட்ராம் என்ற வடிவமைப்பாளர், நூல் உண்மையான கட்டடத்தில் ஒட்டி, உண்மையான ஊசல்போல் ஆடும் முறையைச் செய்து காட்டினார். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால்தான் ஊஞ்சல் கிடைக்கும். ஆட்டத்தின் அடிமட்டத்தில் பிடியை விட்டால் வேகமாக முன்னே பாயலாம். மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கும். கணம் தப்பினால் சுவரில் மோத வேண்டியதுதான். முதல் மணி நேரம் விழுந்துகொண்டே இருப்பவர், பிறகு மெல்ல மெல்லத் தேர்ச்சி பெறுவார். புதிதாகக் கிடைத்த சக்தியைப் பயின்று பழகி ஸ்பைடர்மேனாகும் பீட்டர் பார்க்கரின் கதையை ஆடுபவரின் விரல்களே வாழ்ந்து முடிக்கின்றன.

அதே கேமில் தெருவில் ஒரு குழந்தை பலூனைத் தவறவிட்டு அழும். ஸ்பைடர்மேன் பறந்து போய் அதைப் பிடித்து வந்து கொடுக்க வேண்டும். உலகத்தைக் காக்கும் அதே ஊஞ்சலால் ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்துவது சின்ன வேலைதான். பக்கத்து வீட்டுப் பையன் போன்ற அந்த வீரனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை.

4. இருட்டும் பொறுமையும்

2009இல் லண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' கேமை வெளியிட்டது. கதை எழுதியவர் பால் டினி. பேட்மேனுக்குக் கெவின் கான்ராயும் ஜோக்கருக்கு மார்க் ஹாமிலும் குரல் கொடுத்தார்கள். இதன் சண்டை முறையை நெருங்கிப் பாருங்கள். பத்துப் பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். அடிக்க ஒரு பொத்தான். தடுத்துத் திருப்பி அடிக்க ஒரு பொத்தான். அடிக்க வருபவன் தலைக்கு மேல் மின்னல்போல ஒரு குறி தோன்றும். ஆத்திரத்தில் பொத்தான்களைத் தட்டித் தள்ளினால் அடிகளின் தொடர் அறுந்துவிடும். நிதானமாக, காலம் அறிந்து அழுத்தினால் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தாளம் பிசகாமல் போய்க்கொண்டே இருக்கலாம். பேட்மேனின் பலம் அவருடைய பயிற்சியும் தன்னடக்கமும். அந்தத் தன்னடக்கத்தையே இந்தக் கேம் ஆடுபவரிடம் கேட்கிறது.

துப்பாக்கி ஏந்தியவர்கள் நிற்கும் அறைகளில் நேரே நுழைந்தால் சில குண்டுகளிலேயே சாவு. ஆகவே உயரத்தில் இருக்கும் கல் உருவங்களில் பதுங்கி, ஒவ்வொருவராக வீழ்த்த வேண்டும். கூட்டாளிகள் குறையக் குறைய மீதிப் பேரின் நாடித் துடிப்பு ஏறுவதைத் திரை காட்டும்; அவர்கள் நிழலைப் பார்த்தே சுடத் தொடங்குவார்கள். வீழ்ந்தவர்கள் எல்லாரும் மயக்கத்தில்தான் கிடக்கிறார்கள். பேட்மேன் கொல்வதில்லை என்ற அறம் இங்கே ஆட்டத்தின் விதி.

இன்னொரு காட்சி. வில்லன் ஸ்கேர்குரோவின் நச்சுப் புகையால் மனம் கலங்கிய பேட்மேன் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் நடக்கிறார். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோர் கொலையுண்ட சந்தாக மாறுகிறது. பேட்மேனும் சிறுவன் புரூஸாக மாறுகிறார். கருவிகளால் பயனில்லை, மெதுவாக நடக்க மட்டுமே முடியும். சக்தி எல்லாம் பறிபோன அந்த நடையில், அவர் ஏன் பேட்மேன் ஆனார் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது.

5. இரண்டு குறைகள்

2018இல் இன்சோம்னியாக் உருவாக்கிய 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' அழகான கேம். அதன் முடிவில் நகரமே நோயில் கிடக்கிறது. கையில் இருக்கும் மருந்தைச் சாகக் கிடக்கும் மே அத்தைக்குக் கொடுப்பதா, ஊருக்கெல்லாம் மருந்து செய்ய வைத்திருப்பதா என்ற நெருக்கடி. பீட்டர் அழுதபடி ஊரைத் தேர்கிறார். உருக்கமான காட்சிதான். ஆனால் அது திரைப்படமாக ஓடுகிறது. அந்த நேரத்தில் ஆடுபவரின் கைக்கு வேலை இல்லை. பீட்டருக்கு வேறு வழி கிடையாது என்பது உண்மை. ஒரே பொத்தானாக இருந்தாலும், அதை அழுத்தும் பாரத்தை ஆடுபவரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது குறை பெரியது. 2020இல் வந்த 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' வீரர்களின் வலிமையைக் கருவிகளின் எண்களில் கட்டிவைத்தது. ஹல்க்கும் தோரும் சில விழுக்காடு கூடுதல் தாக்குதலுக்காகப் பொருள் பொறுக்கிக்கொண்டு அலைந்தார்கள். கோபம்தான் ஹல்க்கின் உரிப்பொருள். அங்கே சந்தைக் கணக்கு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. 2023 செப்டம்பர் இறுதியில் அந்தக் கேமின் விற்பனை நிறுத்தப்பட்டது.

நிறைவுரை

நகரத்தைப் பெரிதாக்கப் பணம் போதும். உடைகளைப் பெருக்கவும் பணம் போதும். வீரனின் குணத்தை விதியாக்க, அவனை நன்றாகப் படித்த மனம் வேண்டும். 4 கிலோபைட்டில் அது முடிந்திருக்கிறது. பெரும்பொருள் கொட்டியும் முடியாமல் போயிருக்கிறது.

கணினித் துறையில் பயிலும் மாணவர்களே, உங்களில் சிலர் நாளை கேம் செய்வீர்கள். உங்கள் வீரனுக்கு என்ன சக்தி என்று எழுதும் முன், அவன் எதைச் செய்ய மாட்டான் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை ஆட்டத்தின் விதியாக்குங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஆடும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கை என்ன பழகுகிறது என்று பாருங்கள். தமிழ்த் துறையினரே, இந்தக் கலையையும் உங்கள் திறனாய்வுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான அளவுகோல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.