தூக்குமேடையும் பூமாலையும்



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்டது பஞ்சாப் தேசத்துச் சங்கதியாகும். 1992-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி விடியற்காலையில் புனா எரவாடா ஜெயிலில் இரண்டு சீக்கிய வாலிபர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் ஹர்ஜிந்தர் சிங் ஜிந்தா. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தார். மற்றவர் சுக்தேவ் சிங் சுக்கா. ராஜஸ்தானத்து கங்காநகர் ஜில்லாக்காரர். இருவருக்கும் வயது முப்பதையொட்டித்தான் இருக்கும். காலிஸ்தான் என்னும் தனி நாடு வேண்டி ஆயுதமெடுத்த காலிஸ்தான் கமாண்டோ படையைச் சேர்ந்தவர்கள். இவர்களை ஒரு சாரார் மகா தியாகிகள் என்கிறார்கள். மற்றொரு சாரார் கொலைகாரர்கள் என்று சொல்லி அத்தோடு நிறுத்திக் கொள்ளுகிறார்கள். நமக்கு இரண்டும் போதாது. ஒரு வாலிபன் எப்படிக் கொலைக்குத் துணிந்தான் என்று கேட்காதவனும், அந்தக் கொலையால் யாருக்கு என்ன பிரயோஜனம் ஏற்பட்டது என்று கேட்காதவனும் யோசனை செய்கிறவனாக மாட்டான்.

முதலாவது, சர்க்கார் செய்த காரியத்தைப் பார்ப்போம். 1984-ம் வருஷம் ஜுன் மாதம் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இந்திய ராணுவம் புகுந்தது. உள்ளே பிந்தரன்வாலே என்னும் மதத் தலைவர் ஆயுதங்களோடும் ஆட்களோடும் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மையே. ஆனால் ராணுவம் போன சமயமோ குரு அர்ஜுனுடைய நினைவு நாளையொட்டி யாத்திரைக்காரர்கள் திரண்டிருந்த சமயம். டாங்கிகள் சுட்டதில் அகால் தக்த் இடிந்தது. பழஞ்சுவடிகள் இருந்த புத்தகசாலை எரிந்து போயிற்று. சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படியே ராணுவத்தார் 83 பேரும், மற்றவர்கள் 493 பேரும் மாண்டார்கள். மாண்டவர்கள் அதற்கும் மிக அதிகம் என்பது சீக்கியர்களுடைய கட்சி.

அதே வருஷம் அக்டோபர் 31-ந் தேதி பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையாரைக் காவல்காரர்களாயிருந்த இரண்டு சீக்கியர்களே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் இருவர், ஆனால் தண்டனை அடைந்தவர்கள் யார்? டில்லித் தெருக்களில் டாக்ஸி ஓட்டினவனும், தச்சு வேலை செய்தவனும், கடை வைத்திருந்தவனும், தலைப்பாகையும் தாடியும் உள்ள ஒரே குற்றத்துக்காக உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். டில்லியில் மாத்திரம் செத்தவர்கள் 2,733 பேர் என்பது சர்க்கார் கணக்கு. போலீசார் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கொளுத்தினவர்களை உடனே பிடித்துக் கூண்டில் ஏற்றியிருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதியாவது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். கோர்ட்டுக் கதவு அடைபட்டிருக்கிற ஊரில் துப்பாக்கி வியாபாரம் நன்றாய் நடக்கும். இது பஞ்சாபுக்கு மாத்திரம் உரிய சட்டமல்ல.

இந்தச் சமயத்தில்தான் நமது இரு வாலிபர்களும் கிளம்புகிறார்கள். டில்லிப் படுகொலையைப் பற்றி மனித உரிமைச் சங்கத்தார் வெளியிட்ட அறிக்கையில் கண்ட பெயர்களில் காங்கிரஸ் பார்லிமெண்டு மெம்பர் லலித் மாக்கன் பெயரும் ஒன்று. அவரை எந்தக் கோர்ட்டும் விசாரித்துக் குற்றவாளியென்று தீர்மானிக்கவில்லை. 1985 ஜுலை 31-ந் தேதி அவர் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூடவே அவர் மனைவியும் கொல்லப்பட்டார். ஜிந்தாவும் சுக்காவும் இந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள்.

பிறகு 1986 ஆகஸ்டு 10-ந் தேதி, பொற்கோயிலுக்குள் படை புகுந்த காலத்தில் ராணுவத்துக்குத் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற ஜெனரல் வைத்யா, புனாவில் தம் மனைவியோடு காரில் வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவிக்கும் காயம். அடுத்த மாதமே சுக்கா புனாவுக்கருகில் ஒரு சாலை விபத்தை ஒட்டிப் பிடிபட்டார். ஜிந்தா மறுவருஷம் டில்லியில் பிடிபட்டார். விசேஷ கோர்ட்டு 1989 அக்டோபரில் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1992 ஜுலையில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. இவர்கள் கொலையை மறுக்கவில்லை. செய்தோம் என்றே கோர்ட்டில் சொன்னார்கள். கருணை மனுப் போடவும் இவர்கள் விரும்பவில்லை.

தோழர்களே, இதில் தைரியம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. உயிரைத் துரும்பாக மதித்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் ஒருவன் ஒரு கொள்கைக்காகச் சாகிறான் என்பதனாலேயே அந்தக் கொள்கை சரியாகிவிடுமா? அப்படியானால் உடன்கட்டை ஏறின பெண்ணின் தைரியத்தைக் காட்டி உடன்கட்டையை நியாயமென்று சொல்லலாமே! சாகத் துணிவது ஒரு குணம். சரியானதைச் செய்வது வேறொரு குணம்.

வைத்யாவைக் கொன்றதனால் இடிந்த அகால் தக்தில் ஒரு கல்லாவது ஏறிற்றா? மாக்கனுடைய மனைவியைக் கொன்றதனால் டில்லியில் விதவையான ஒரு சீக்கிய ஸ்திரீக்காவது தாலி திரும்பிற்றா? தகப்பன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒரே நாளில் தாயையும் தகப்பனையும் இழந்ததுதான் கண்ட பலன். தலைப்பாகைக்காக மனிதனைக் கொளுத்துவது அக்கிரமம் என்றால், புருஷனுக்காகப் பெண்ஜாதியைச் சுடுவதும் அக்கிரமந்தானே?

மதத்தின் பேரால் துப்பாக்கி பிடித்தவன் எதிரியோடு நின்றுவிடுவதில்லை. 1987-ல் இந்த ஆயுதக் கூட்டத்தார் கள் சாராயக் கடையும் புகையிலைக் கடையும் மாமிசக் கடையும் கூடாதென்று பஞ்சாபில் கட்டளையிட்டார்கள். அவ்வருஷம் ஜுலையில் லால்ரு என்னுமிடத்தில் பஸ்ஸை மறித்து அதிலிருந்த இந்துப் பிரயாணிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1988 மார்ச்சு 23-ந் தேதி பாஷ் என்ற பஞ்சாபிக் கவிஞரைக் கொன்றார்கள். அவரும் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவரே. மதவெறியைக் கண்டித்து எழுதினதுதான் அவர் செய்த குற்றம். அந்தத் தேதி எது தெரியுமா? 1931-ல் லாகூரில் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட தேதி! அவரும் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து 23 வயதில் தூக்குமேடை ஏறினவர். ஆனால், தாம் ஏன் நாஸ்திகரானோம் என்று ஜெயிலில் உட்கார்ந்து காரணம் காட்டி எழுதி வைத்துப் போனவர். தன் காரியத்துக்குக் காரணம் சொல்லி, மற்றவன் மறுத்துப் பேசவும் இடங்கொடுக்கிறவன் ஒரு ரகம். மறுத்துப் பேசினவனையே சுடுகிறவன் வேறு ரகம்.

நிற்க, சர்க்காராவது பிறகு புத்தி படித்ததா என்றால் அதுவுமில்லை. பஞ்சாபில் போலீசார் பிடித்துப் போன வாலிபர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அமிர்தசரஸ் ஜில்லாச் சுடுகாடுகளில் ரகசியமாய் எரிக்கப்பட்ட பிணங்கள் 2,097 என்று பின்னால் விசாரணையில் வெளியாயிற்று. இதைச் சுடுகாட்டுக் கணக்குப் புத்தகங்களைக் கொண்டே அம்பலப்படுத்தின ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995-ல் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதற்காகப் போலீசார் சிலர் 2005-ல் தண்டிக்கப்பட்டார்கள். கால்ரா துப்பாக்கி எடுத்தவரல்ல, கணக்கெடுத்தவர். எந்தத் துப்பாக்கியைக் காட்டிலும் அந்தக் கணக்குத்தான் சர்க்காரை அதிகமாய் நடுங்கச் செய்தது.

கடைசியாக ஒன்று. ஜிந்தாவும் சுக்காவும் தூக்கிலிடப்பட்டபோது நாட்டின் ஜனாதிபதியாயிருந்தவர் சங்கர் தயாள் சர்மா. சுட்டுக் கொல்லப்பட்ட மாக்கன் மனைவி அவருடைய சொந்த மகள். ஒரு வீட்டுத் துக்கம் எப்படிச் சுற்றி வருகிறது பாருங்கள்! ஆனால் அந்த வீட்டில் மிஞ்சின குழந்தை வளர்ந்து பெரியவளான பிறகு, தன் பெற்றோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அடைந்த மற்றொரு மனிதரை நேரில் சந்தித்துப் பேசி, அவரை மன்னித்து, அவருடைய விடுதலைக்கும் ஆதரவு காட்டினார். ராணுவமும் துப்பாக்கியும் தூக்குக் கயிறும் முடிக்க முடியாத பகையை, எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் தன் மட்டில் முடித்துவிட்டார்.

ஆகவே தோழர்களே, தூக்கில் தொங்கின வாலிபன் படத்துக்கு மாலை போடுகிறவர்களைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பிள்ளையை இதற்கு அனுப்புவீர்களா? அந்த வாலிபனைத் தூற்றுகிறவர்களைக் கண்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 1984-ல் டில்லியில் கொளுத்தினவர்களை நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டு கேள்விக்கும் யோக்கியமாய்ப் பதில் சொல்லுகிற நாட்டில்தான் இப்படிப்பட்ட வாலிபர்கள் தூக்குமேடைக்குப் போகாமல் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவார்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.