பூங்காவின் கதவும் பாட்டாளியின் மூச்சும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

சிக்காகோ என்றால் உங்களுக்கு 1886-ம் ஆண்டு நினைவுக்கு வரும். எட்டு மணி நேர வேலை கேட்டு ரத்தம் சிந்திய ஊர் அது. வேலை நேரத்தைக் குறை என்று கேட்ட தொழிலாளி, மிச்ச நேரத்தில் எங்கே போவான்? மூச்சு விட ஓர் இடம் வேண்டாமா? அந்த ஊரின் பூங்காக்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1905-ல் சிக்காகோவின் தென்பகுதியில், தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டைகளில், சிறு பூங்காக்கள் திறக்கப்பட்டன. இறைச்சி ஆலைகளின் அருகில் இருந்த டேவிஸ் சதுக்கம் அவற்றில் ஒன்று. மரமும் புல்லும் மட்டுமல்ல. குளியலறை, உடற்பயிற்சிக் கூடம், படிப்பகம் எல்லாம் கொண்ட கட்டடமும் அங்கே எழுந்தது. ஒண்டிக் குடித்தனத்தில் கிடந்தவனுக்கு அது இரண்டாவது வீடு. 1934-ல் 22 பூங்கா நிர்வாகங்களை இணைத்து, சொத்து வரி வசூலிக்கும் உரிமையுடன் ஒரே பூங்கா நிர்வாகத்தை அமைத்தார்கள். இன்று அதன் கையில் சுமார் 600 பூங்காக்கள் உள்ளன. ஜனங்களின் வரிப் பணம், ஜனங்களின் சொத்து.

2020 மார்ச்சில் கொரோனா பரவியது. பூங்காக் கட்டடங்கள் மூடப்பட்டன; வகுப்புகள் நின்றன. மார்ச் 26-ந் தேதி, மிச்சிகன் ஏரிக்கரையின் 18 மைல் நடைபாதையும் அதையொட்டிய பூங்காக்களும் பூட்டப்பட்டன. முதல் நாள் வெயில் அடித்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. அதனால்தான் இந்த உத்தரவு.

பூட்டியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தொற்று நோய் யாரையும் கேட்டுக் கொண்டு வருவதில்லை. ஆனால் உத்தரவு எல்லோருக்கும் ஒன்று. சுமை எல்லோருக்கும் ஒன்றா? வீட்டைச் சுற்றித் தோட்டம் உள்ளவனுக்குப் பூங்கா பூட்டினால் என்ன? ஓர் அறையில் ஐந்து பேராய் இருப்பவனுக்கு அது மூச்சுக் குழாயை அடைத்தது போல. அந்த ஏப்ரலில், நகர ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத கறுப்பு மக்கள், கொரோனாவில் மாண்டவர்களில் சுமார் 70 சதவீதமாக இருந்தார்கள். நோயும் ஆள் பார்த்துத்தான் அடித்தது, தோழர்களே!

பிறகு நிர்வாகம் என்ன செய்தது? மூடிய அறையில் நோய் எளிதில் பரவும்; திறந்த வெளியில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இது தெளிவாகத் தெளிவாக, வெளியிடங்கள் மெல்லத் திறந்தன. ஜூன் 22-ல் ஏரிக்கரைப் பாதை திறந்தது. காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம், உட்காரக் கூடாது. தூரம் விட்டுச் செல்லும்படி நினைவூட்ட ஆட்களை நிறுத்தினார்கள். நீராடும் கரைகள் மட்டும் அந்தக் கோடை முழுவதும் மூடியே கிடந்தன.

பிள்ளைகளின் கோடை முகாம் ஜூலை 6-ல், சிறு சிறு குழுக்களாகத் தொடங்கியது. இது விளையாட்டுக் காரியமல்ல. மருத்துவமனையைக் கூட்டுகிற தாய், பஸ் ஓட்டுகிற தகப்பன், இவர்கள் வீட்டில் உட்கார முடியாது. பிள்ளையை எங்கே விடுவார்கள்? முகாம் நடந்தால்தான் அவர்கள் வேலைக்குப் போக முடியும். ஆனால் குழு சிறுத்தால் இடமும் குறையும். குறைந்த இடம் யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி.

வகுப்புகளை இணையத்தில் நடத்தினார்கள். நல்லது. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? ஒரு லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இணையம் தருவதாக அந்த நகரம் 2020 ஜூனில் அறிவிக்க வேண்டியிருந்தது. எத்தனை வீடுகள் இருட்டில் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோழர்களே! பூட்டுப் போட ஒரு காவலாளி போதும். சேவையை மாற்றி நடத்தத்தான் ஊழியர் வேண்டும், பணம் வேண்டும், ஜனங்களின் குரலும் வேண்டும். நம் ஊரிலும் 2020-ல் பூங்காக் கதவுகள் பூட்டியதைக் கண்டோம். நாளை இன்னொரு நோய் வந்தால், "எப்போது பூட்டுவீர்கள்?" என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். "எதை, யாருக்கு, எப்படித் திறந்து வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அது நம் பணம்; நம் இடம்.